எடைச்சீட்டு அகலத்துக்கு

நாற்பது டன் வரைக்கும் தாங்கும் மேடை எனது.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான்
எண்ணத் தெரியும் அதற்கு.
புதுவயலில், மில்கள் தோளுரசி நிற்கும் ரோட்டில்
ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி,
ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறும்வரை
கால்மணி, அரைமணி.
அதற்குள்தான் என் குரோஷா ஊசி ஓடும்.

ஓரியூர் சந்தியாகு
முன்கண்ணாடிக்கு ஒரு தோரணம் கேட்டார்.
கடுகு மஞ்சளில் வளைவு வளைவாகப் பின்னிக் கொடுத்தேன்.
வாங்கித் திருப்பிப் பார்த்தார்,
மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி.
"நல்லாத்தான் இருக்கு டீச்சர்.
ஆனா மொட்டையா இருக்கு."

(நான் டீச்சர் இல்லை.
சிவப்பு மையில் எழுதுவதால் கிடைத்த பட்டம்.)

மொட்டை.
நான்கு நாள் அந்தச் சொல்
உமித்தூசி மாதிரி காதுக்குள் கிடந்தது.

குஞ்சத்துக்கு அளவு வேண்டும்.
ஸ்கேலைக் காணோம்.
எடைச்சீட்டுப் புத்தகத்தின் அகலத்தில்
சிவப்பு உல்லனைச் சுற்றினேன்.
இறுக்கிச் சுற்றினால் வெட்டியதும் குறுகிப்போகும்,
தளரவிட்டால் ஒன்றுக்கொன்று சண்டை.
ஈரத்தலைக்குத் துண்டு கட்டுகிற இறுக்கம் போதும்.
ஓரத்தில் கத்தரி வைத்தேன்.
அத்தனை சுற்றும் ஒரே நொடியில்
மடியில் சரிந்தன.

இரண்டு இழை சேர்த்து மடக்கி,
ஓரத்துளையில் பின்னாலிருந்து ஊசி விட்டு,
மடிப்பைக் கவ்வி இழுத்தால்
காது மாதிரி ஒரு வளையம் வரும்.
நான்கு வாலையும் காதுக்குள் நுழைத்துக்
கீழே ஒரு சுண்டு.
அவ்வளவுதான்.
பிடிக்காவிட்டால் உருவிவிடலாம்,
துளைக்கு ஒரு காயமும் இல்லை.
இந்தச் சௌகரியம் உள்ள முடிச்சுகள்
எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

மொத்தம் அறுபத்தொரு துளை.
பதினேழாவதில் கல்லல் லாரி. எழுந்தேன்.
முப்பதாவதில் தவிட்டு வண்டி,
டிரைவருக்கும் முதலாளிக்கும் வாய்த்தகராறு.
ஐம்பத்திரண்டாவதில் நூல் தீர்ந்தது.

காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடையில்
அதே சிவப்பு என்றுதான் கொடுத்தார்கள்.
அதே சிவப்பு இல்லை, அதன் தங்கச்சி.
கடைசி ஒன்பதும் தங்கச்சியிலேயே முடித்தேன்.
கிளீனர் பக்கம் வருகிற மாதிரி மாட்டச் சொன்னேன்.
"தவசிக்குக் கலர் தெரியாது" என்றார் சந்தியாகு.
தெரிந்திருந்தது. மறுநாளே கேட்டான்.

மாட்டுவதற்கு முன் வெறும் வண்டி நிறுத்தேன்,
மாட்டிய பின்னும் நிறுத்தேன்.
ஒரே எண்.
நான்கு நாள் சாயங்காலம்
பத்துக் கிலோவுக்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டது.
சந்தியாகு சிரித்தார்: "ஃப்ரீ லோடு, டீச்சர்."

மூன்று வாரம் கழித்து
திருவாடானை நெல்லோடு மேடை ஏறியது.
எண் சரி. ஆவணம் சரி. பேனாவை எடுத்துவிட்டேன்.
நிமிர்ந்தால் கண்ணாடிக்குள்
குஞ்சமெல்லாம் கிளீனர் பக்கம் ஒதுங்கி நிற்கின்றன,
யாரோ கூப்பிட்டதைப்போல.

காற்றா?
மேடையில் கட்டியிருந்த கொடிகூட அசையவில்லை.
சற்றுநேரம் பார்த்தேன்.
குஞ்சம் சாயவில்லை.
குஞ்சம்தான் நேராக நிற்கிறது.

"இறங்கி இடது பின்கட்டைப் பாருங்கண்ணே."
தவசி படுத்து நுழைந்தான்.
ரெண்டு பட்டை உடைந்து
மூன்றாவது உடையலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

சந்தியாகு நெல்லைப் பார்த்தார், டயரைப் பார்த்தார்,
பிறகு தலையைத் தூக்கி அந்த அறுபத்தொன்றையும்.
ஒன்றும் சொல்லவில்லை.
டீயை முழுதாகக் குடிக்காமல் வைத்துவிட்டுப்
பட்டறைக்காரனுக்குப் போன் போட்டார்.

நான் சீட்டில் மொத்த எடை எழுதினேன்.
சாய்வு எழுத அதில் கட்டமில்லை.
புத்தகத்தின் ஓரத்தில்
சிவப்பு நார் ஒன்று ஒட்டியிருந்தது,
அக்காவா தங்கச்சியா, தெரியவில்லை.
ஊதிவிட்டு
அடுத்த வண்டியைக் கூப்பிட்டேன்.